அறுபது மைலா? அது வராது!

1950இல் இங்கிலாந்தின் ‘த மோட்டார்’ சஞ்சிகை ஒரு மொறிஸ் மைனரைச் சோதனைக்கு எடுத்தது. கூரையை மடித்து வைக்கிற ரகம். 918 சீசீ எஞ்சின், 27 குதிரைவலுவுக்குக் கொஞ்சம் மேலே. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 50 மைல் வேகத்தைப் பிடிக்க 29.2 செக்கன் எடுத்தது. சரி, 60 மைலைப் பிடிக்க? அந்தக் கேள்வியே பிழை. காரின் உச்ச வேகமே 58.7 மைல்தான்!

இன்றைக்கு எந்தக் கார் விளம்பரத்தைப் பார்த்தாலும் பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு இத்தனை செக்கன் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். மைனரிடம் அந்தக் கணக்கைக் கேட்டால் அது மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நாலாம் கியரிலேயே போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் அந்த 29.2 என்ற இலக்கத்தில் எனக்கு ஒரு மயக்கம். அது யாருடைய கையால் அளக்கப்பட்டது? எப்படி? எந்த வீதியில், எந்தப் பெற்றோலில்? அதே குடும்பத்துக் கார் ஒன்று இப்போதும் திருகோணமலையில், உப்புக்காற்றையும் வெயிலையும் குடித்துக்கொண்டு ஓடுகிறதே, அது என்ன செய்யும்? இந்தக் கேள்விகளைத் தூக்கிக்கொண்டு அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜுக்குள் நுழைந்தேன். வாருங்கள், நீங்களும் உள்ளே வரலாம். சேலை, வேட்டி கவனம், எங்கும் கிறீஸ்.

உள்ளே நின்றது ஒரு மைனர் 1000. சாம்பல் நிறம், நம்பர்த் தகட்டில் இன்னும் பழைய ஸ்ரீ எழுத்து. கராஜின் மெக்கானிக் பாஸிடம் சஞ்சிகைக் கணக்கைச் சொன்னேன். கை துடைத்த துணியை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“இருபத்தொன்பது செக்கனோ? அது புதுக் காருக்கு எடுத்த கணக்கு, பிள்ளை. இதுக்கு அறுபது வயசு தாண்டிட்டுது. நீங்க அறுபது வயசில ஓடிக் காட்டுங்கோ பாப்பம்.”

நான் ஓடிக் காட்டவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் அந்தச் சஞ்சிகைக்காரர் செய்த வேலையைப் பார்த்துவிடுவோம். முறையான வீதிச் சோதனையை 1928இல் தொடங்கி வைத்தது ‘த ஓட்டோகார்’. போட்டியாளரான ‘த மோட்டார்’ அதே பாதையில் இறங்கி, 1988இல் ஓட்டோகாருடனேயே சேர்ந்துவிட்டது. இந்த இரண்டு சஞ்சிகைகளுக்கும் நடுவில்தான் நாங்கள் அறிந்த எல்லாச் சின்னக் கார்களின் ஜாதகமும் எழுதப்பட்டது.

சோதனைக் காருக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுகிறார். மற்றவரின் மடியில் ஒரு பலகை, பலகையில் நிறுத்தற் கடிகாரங்கள், காகிதம், பென்சில். காரின் பின்னால் சைக்கிள் சில்லு மாதிரி ஒரு தனிச் சில்லு தொங்குகிறது. அதுதான் ஐந்தாம் சில்லு! காரின் சொந்த வேகமானியை இந்த ஆட்கள் நம்புவதில்லை. அந்தக் காலத்து வேகமானிகள் பெரும்பாலும் கொஞ்சம் பெருமை அடிக்கும். 60 என்று முள் காட்டும்போது உண்மையில் 55 ஆக இருக்கும். அதனால் உண்மை வேகத்தைச் சொல்ல அந்த ஐந்தாம் சில்லு, அதிலிருந்து ஒரு வயர், முன்னால் தனியாக ஒரு மானி. ஓட்டுபவர் எஞ்சினைக் கத்தவைத்து, கிளச்சை விட்டு, கியர்களை அடித்து மாற்றிக்கொண்டே போக, பக்கத்தில் இருப்பவர் 30இல் ஒரு அழுத்து, 40இல் ஒரு அழுத்து, 50இல் ஒரு அழுத்து. அத்தோடு முடிந்ததா? இல்லை. காரைத் திருப்பி அதே வீதியில் எதிர்த்திசையிலும் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் காற்று தள்ளும், மறுபக்கம் காற்று தடுக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அச்சுக்குப் போகும்.

கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் திருகோணமலையில் கார் ஓட்டியவர்களுக்கு இந்தச் சராசரியின் அருமை சொல்லாமலே தெரியும். கந்தளாய்ப் பக்கம் போகும்போது கார் முக்கும். திரும்பி வரும்போது புது எஞ்சின் போட்டது மாதிரிப் பறக்கும். வீட்டுக்கு வந்து “மைனர் இண்டைக்கு நல்லா இழுத்துது” என்று சொல்பவர்கள் காற்றுக்குப் போகவேண்டிய புகழைக் காருக்குக் கொடுக்கிறார்கள்.

இப்போது இலக்கங்களுக்குள் இறங்குகிறேன். பழைய சின்னக் கார்களைப் பற்றி வாய்ச்சண்டை போடுகிற மாமாக்கள் கவனமாக வாசிக்கவும்.

1952இல் மொறிஸ் கம்பனியும் ஒஸ்ரின் கம்பனியும் ஒன்றானதும் மைனரின் பழைய எஞ்சினைத் தூக்கிவிட்டு, ஒஸ்ரினின் புது 803 சீசீ எஞ்சினைப் போட்டார்கள். 30 குதிரைவலு. வால்வுகள் மேலே ஏறிவிட்டன, பெரிய முன்னேற்றம் என்று பேச்சு. த மோட்டார் மறுபடி அளந்தது. 50 மைலுக்கு 28.6 செக்கன். முழு எஞ்சினையே மாற்றிக் கிடைத்த இலாபம் ஒரு செக்கனே இல்லை! ஆனால் உச்ச வேகம் 62 மைலுக்கு ஏறியது. ஆகவே மைனரிடம் 60 மைலைப் பற்றிக் கேட்கும் உரிமை அந்த வருடம்தான் உலகத்துக்குக் கிடைத்தது.

அதே 1952இல் ஒஸ்ரின் ஏ40 சோமசெற். யாழ்ப்பாணத்து வாடகைக் கார்த் தரிப்பிடத்தை நினைத்தாலே கண்ணுக்குள் வருகிற அந்த உருண்டைக் கார். 1200 சீசீ, 60 மைலுக்கு 31.6 செக்கன், உச்சம் 70 மைல். இனி 1958க்கு வாருங்கள். அதே ஏ40 என்ற பெயரில், இத்தாலியரான பினின் ஃபரினா கோடு வரைந்து கொடுத்த, கத்தி வெட்டு மாதிரி அழகான புதுக் கார். எல்லாரும் வேகம் கூடியிருக்கும் என்றுதான் நினைப்பார்கள். 35.6 செக்கன்! ஆறு வருடம் கழித்து வந்த ஏ40, பழைய ஏ40ஐ விட நாலு செக்கன் பின்னால். காரணம் பொனெட்டுக்குள். பெயர் மட்டும்தான் ஏ40. எஞ்சின் 948 சீசீதான். “ஏ போட்டி நல்லா ஓடும்” என்று யாராவது சொன்னால் எந்த ஏ போட்டி என்று கேளுங்கள். அங்கேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்த வருடம் 1959. ஒரே வருடத்தில் இரண்டு புதுக் கார்கள். ஃபோர்ட் அங்லியா, பின் கண்ணாடி உள்நோக்கிச் சரிந்த அந்த விசித்திர அழகி, 60 மைலுக்கு 26.9 செக்கன். மினி, சக்கரங்களை நாலு மூலைக்கும் தள்ளிவிட்டு எஞ்சினைக் குறுக்கே படுக்கவைத்த அதிசயம், 27.1 செக்கன். இரண்டையும் அளந்தது த மோட்டார்தான். வித்தியாசம் 0.2 செக்கன். அங்லியாக்காரர் இன்றும் இதைச் சொல்லிக் காலரைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: மனிதக் கண் ஒன்றைக் கண்டு விரல் அசைவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் எடுக்கும். நிறுத்தற் கடிகாரத்தில் இருந்த பெருவிரல் கொஞ்சம் சோம்பியிருந்தால் முடிவு தலைகீழ். என் தீர்ப்பு, இருவருக்கும் சமன்.

மினியைப் பற்றி இன்னொரு இரகசியம். அதை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், மைனரைப் பெற்ற அதே தகப்பன். மினியின் மாதிரிக் காருக்கு முதலில் 948 சீசீ எஞ்சினைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். 90 மைலைத் தொட்டுவிட்டது! பத்து அங்குலச் சில்லில் ஓடுகிற குட்டிக் காருக்கு இவ்வளவு வேகம் ஆகாது என்று பயந்து எஞ்சினை 848 சீசீக்குக் குறைத்து, 72 மைலில் கட்டிவைத்தார்கள். வாங்குபவர் வேகம் கேட்க, செய்பவர் வேகத்தைக் குறைத்து விற்ற காலம் அது. இஸிகோனிஸ் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் போக முடியவில்லை: மைனரின் மாதிரி கிட்டத்தட்ட முடிந்த நிலையில், ஒடுக்கமாகத் தெரிகிறது என்று நெடுக்காகக் கிழித்து, நடுவில் நாலு அங்குலம் அகட்டி ஒட்டவைத்தார். மைனரின் பொனெட் நடுவில் ஓடுகிற அந்த அகலப் பட்டி அந்த அறுவைச் சிகிச்சையின் தழும்பு. முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவில்லை, அவித்த முட்டை என்று திட்டினார். அந்த முட்டை கடைசியில் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் ஆனது.

கராஜில் பாஸ் இதைக் கேட்டு, மைனரின் பொனெட் பட்டியை விரலால் தடவிப் பார்த்தார். “நான் இவ்வளவு நாளும் இது வடிவுக்கு எண்டு நினைச்சன்.”

பிறகு பொனெட்டைத் திறந்தார். நான் தலையை உள்ளே நுழைத்துவிட்டேன்.

சாவியைத் திருப்பியதும் டிக், டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். எஸ்யூ பெற்றோல் பம்ப். கார்பரேட்டர் நிறைந்ததும் சத்தம் தானாக அடங்கும். சத்தமே வராவிட்டால்? பாஸ் ஒரு சின்ன ஸ்பானரை எடுத்து பம்பின் பக்கத்தில் செல்லமாகத் தட்டிக் காட்டினார். உள்ளே மின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் இதுதான் வைத்தியம். உலகம் முழுக்க மைனர் வைத்திருப்பவர்கள் செய்யும் வைத்தியமும் இதுவே.

அடுத்தது இந்தக் கட்டுரைக்கே உயிரான இடம். எஸ்யூ கார்பரேட்டரின் தலையில் ஒரு குமிழ் மூடி. பாஸ் அதைத் திருகி எடுத்தார். நுனியில் மெல்லிய கம்பி, கம்பியில் ஒரு குட்டிப் பித்தளைத் துண்டு. கம்பி காய்ந்துபோய் இருந்தது.

“பாத்தீங்களோ? ஒயில் இல்லை. இதாலதான் கார் விக்குது. சவாரிக்காரர் என்னட்ட வந்து பிளக் மாத்து, பொயின்ற் மாத்து எண்டு நிக்கிறார். ரெண்டு சொட்டு ஒயில் விட்டாக் காணும்.”

ஏன் என்று அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். நான் பிறகு யோசித்து விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். இந்தக் கார்பரேட்டருக்குள் ஒரு பிஸ்ரன் மேலும் கீழும் போகிறது. அக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் இழுவையால் அது மேலே எழும்பிக் காற்றுக்கு வழிவிடும். அதோடு தொங்குகிற ஊசியும் எழும்பிப் பெற்றோலுக்கு வழிவிடும். நீங்கள் திடீரென்று மிதித்தால் பிஸ்ரன் ஒரேயடியாகத் துள்ளும். காற்று முந்திவிடும், பெற்றோல் பிந்திவிடும், எஞ்சின் விக்கும். அந்த மூடிக் கம்பியைச் சுற்றியிருக்கும் ஒயில் பிஸ்ரனைப் பிடித்து, மெல்ல மெல்ல எழும்பு என்று அடக்கி வைக்கிறது. அந்த ஒரு கணத்தில் இழுவை கூடிப் பெற்றோல் கூட வருகிறது. கார் பாய்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆர்முடுகல் என்று பாடமாக்கினோமே, மைனருக்கு அது ஒரு தேக்கரண்டிகூட இல்லாத ஒயிலில் இருக்கிறது!

டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் இன்னொரு சின்னத் திருகு. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் தீப்பொறி விழும் நேரத்தை முன்பின்னாக்குவது. பாஸிடம் கருவி ஒன்றும் இல்லை. காரை ஓட்டிக்கொண்டு போய், மேல் கியரில் மெதுவாக வந்து மிதித்துப் பார்க்கிறார். லேசாக ஒரு கலகல சத்தம் வந்து மறைந்தால் சரி. சத்தம் தொடர்ந்தால் ஒரு புள்ளி பின்னுக்கு. சத்தமே வராவிட்டால் ஒரு புள்ளி முன்னுக்கு.

முதலாம் கியருக்கு மைனரில் சிங்குறோ இல்லை. கார் உருளும்போது அதைப் போட்டால் பல்லுக் கடிக்கிற சத்தம் கேட்கும். சோதனை ஓட்டத்தில் கிளச்சை சடாரென்று விடுகிற வித்தையை மைனரில் செய்ய நினைப்பவர்களுக்குப் பாஸின் எச்சரிக்கை: பின் அக்சிலின் ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தால் வேறு தேட அலைய வேண்டும். அந்த ஷாஃப்ட் மைனரின் பழைய பலவீனம். சஞ்சிகைக்காரருக்கு என்ன, சோதனை முடியக் காரைக் கம்பனிக்கே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்!

கம்பனி என்றதும் ஒரு சின்ன வம்பு. சோதனைக்குக் கொடுக்கும் காரைக் கம்பனிகள் தனியாகக் கவனித்துத் தயார்செய்து அனுப்புவது ஊரறிந்த விஷயம். 1961இல் ஜாகுவார் ஈ ரைப் 150 மைலைத் தொட்டதாகச் சஞ்சிகைகள் கொண்டாடின. பணம் கொடுத்து வாங்கியவர்களின் கார்கள் அந்தப் பக்கமே போகத் திணறின. மைனருக்கும் யாராவது அப்படிப் பவுடர் பூசி அனுப்பியிருந்தால்? அனுப்பியும் 29 செக்கன் என்றால் எனக்கு அந்தக் கார் இன்னும் பிடித்துப்போகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டேன். 803 சீசீ மைனரும் உள்ளே இரண்டு பேரும் சேர்ந்து சுமார் 900 கிலோ. 50 மைல் வேகத்தில் அதன் இயக்கசக்தி கிட்டத்தட்ட 225 கிலோயூல். எஞ்சினின் 30 குதிரைவலு என்பது 22 கிலோவாற்றுக்குக் கொஞ்சம் மேலே. வகுத்தால் 10 செக்கன் வருகிறது. அதாவது எஞ்சின் தன் முழு வலுவையும் முதல் கணத்திலிருந்து சில்லுக்குக் கொடுத்திருந்தால் 10 செக்கனில் வேலை முடிந்திருக்க வேண்டும். எடுத்ததோ 28.6. மிச்சப் பதினெட்டுச் செக்கனை யார் தின்றது?

முதல் கள்வன் எஞ்சின்தான். முழு வலு நிமிடத்துக்கு 4800 சுற்றில் மட்டும்தான் வரும். ஒவ்வொரு கியரிலும் கீழே இருந்து ஏறி அந்த இடத்தைத் தொட்டதுமே மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றுகிற நேரம் முழுக்க சில்லுக்கு ஒன்றும் போகாது. கியர்ப்பெட்டியும் அக்சிலும் டயரும் தங்கள் பங்கை எடுக்கும். கடைசிக் கள்வன் காற்று, அவன் பெரிய கை. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் வலு எட்டு மடங்கு. 1950இன் மைனர் 58.7 மைலில் நின்றதற்குக் காரணம் அந்த இடத்தில் எஞ்சினின் மொத்த உழைப்பும் காற்றையும் உராய்வையும் தள்ளவே சரியாய்ப் போனதுதான். ஆர்முடுகலுக்கு மிச்சம் வைக்க ஒன்றுமில்லை.

இங்கிலாந்துக் காற்று வேறு, எங்கள் காற்று வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 34 பாகை வெயிலில் காற்று விரிந்துபோய் இருக்கும். 15 பாகைக் குளிரில் இருப்பதை விடச் சுமார் ஆறு வீதம் ஐதாக இருக்கும். எஞ்சினுக்குள் போவது அவ்வளவு குறைவு என்றால் வலுவும் அந்த அளவு குறையும். துறைமுகத்து ஈரப்பதன் இன்னும் கொஞ்சம் பிடுங்கும். வைகாசி வெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, கார் நடுவழியில் நின்றுவிடுவதும் உண்டு. நனைந்த துணியைப் பம்பில் சுற்றுவதுதான் மருந்து. ஆனால் நுவரெலியாக்காரர்களைப் பார்த்து நாங்கள் ஆறுதல்படலாம். அங்கே 1934இல் தொடங்கிய மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி கடல் மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேலே நடக்கிறது. அந்த உயரத்தில் எஞ்சின் தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிட்டுத்தான் போட்டிக்கே நிற்கிறது.

பெற்றோல் கதைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் தேன். போர் முடிந்த இங்கிலாந்தில் 1953இன் ஆரம்பம் வரை நல்ல பெற்றோல் கிடையாது. எல்லாக் கம்பனிகளினதும் ஒன்றாகக் கலந்து ‘பூல்’ என்ற பெயரில் விற்றார்கள்; ஒக்ரேன் 70ஐ ஒட்டியது. ஆகவே மேலே சொன்ன 1950, 1952 சோதனைகள் அந்த மட்டமான பெற்றோலில் நடந்தவை. அந்தப் பெற்றோலைச் சகிப்பதற்காகவே எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைத் தாழ்வாக வைத்தார்கள். அதனால்தான் அவை ஆமை. அதே காரணத்தால்தான் அவை நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தில் உயிரோடு ஓடின! 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் மறைந்தபோது, ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடின. புகை, மணம், இழுவைக் குறைவு எல்லாம் உண்டு. ஆனால் ஓடின. நவீன எஞ்சின் அந்த எண்ணெயில் முட்டித் தட்டிச் செத்திருக்கும். அந்தக் கார்களின் ஆர்முடுகலை எந்தச் சஞ்சிகையும் அளக்கவில்லை. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டும்தான் அங்கே சோதனை.

இன்று எங்கள் பக்கத்தில் நிலைமை தலைகீழ். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன; கீழ்ப் பகுதியை 2003இலிருந்து லங்கா ஐஓசி இயக்குகிறது. 92, 95 என்று ஒக்ரேன்கள். மைனருக்கு 95 அடித்தால் வேகம் கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. தாழ்ந்த அமுக்கத்துக்கு 92ஏ விருந்து. மிச்சக் காசுக்குக் கார்பரேட்டர் ஒயில் வாங்கலாம். 2022இல் கியூஆர் குறியீடு காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 1950இன் சோதனையில் மைனர் ஒரு கலனுக்கு 42 மைல் ஓடியது. அந்தக் கணக்கில் 20 லீற்றர் கிட்டத்தட்ட 300 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்ச் சேரலாம். திரும்பி வருவதற்கு அடுத்த கிழமைக் குறியீட்டைக் காத்திருக்க வேண்டும்.

சரி, திருகோணமலையில் ஒரு மைனரை முறையாக அளக்க ஆசைப்பட்டால்? இங்கிலாந்தில் லின்ட்லி என்ற பழைய விமானத்தளத்தைக் கார்ச் சோதனைத் தளமாக்கினார்கள். தெற்கே கட்டுக்குருந்தையில் உலகப் போர்க்கால விமானத்தளத்தில்தான் கார்ப் பந்தயம் நடக்கிறது. எங்களிடமும் சீனக்குடாவில் அதே காலத்து ஓடுபாதை இருக்கிறது. அது விமானப்படையுடையது. வேலிக்கு வெளியே நின்று பெருமூச்சு விடலாம், அதற்குத் தடையில்லை.

வீதியில் செய்யலாமா என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 60 மைல் என்பது 97 கிலோமீற்றர். ஊருக்கு வெளியே காருக்கு அனுமதி 70. கிழக்கு மாகாணத்தில் அதிவேக நெடுஞ்சாலையும் கிடையாது. ஆகவே உலகம் முழுக்கக் கொண்டாடும் அந்த 60 மைல் இலக்கம் திருகோணமலை மாவட்டத்தில் சட்டப்படி எடுக்கவே முடியாத ஒன்று! மைனருக்கும் எடுக்க முடியாது, நேற்று இறங்கிய ஹைபிரிட்டுக்கும் எடுக்க முடியாது. எனக்கு இதில் ஒரு குரூர சந்தோஷம்.

உங்கள் வேகமானி பொய் சொல்கிறதா என்று பார்க்க மட்டும் ஐந்தாம் சில்லு தேவையில்லை. நாலாம் கட்டை என்று மைலால் ஊருக்குப் பெயர் வைத்தவர்களுக்கு வழி சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு மைல் தூரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு, முள்ளை 30 மைலில் அசையாமல் பிடியுங்கள். 120 செக்கனில் கடந்தால் முள் சத்தியவான். 130 ஆனால் உண்மை வேகம் 28 மைல்கூட இல்லை. கடிகாரம் பக்கத்தில் இருப்பவர் கையில் இருக்கட்டும். பகலில் செய்யுங்கள்; இரவில் அந்த வீதிகள் மாடுகளுக்குச் சொந்தம், கந்தளாய் தாண்டினால் யானைகளுக்கு.

பழைய சஞ்சிகைகளின் அட்டவணையில் 60 மைலுக்குக் கீழே யாரும் கவனிக்காத இன்னொரு வரி இருக்கும். மேல் கியரிலேயே வைத்துக்கொண்டு, மாற்றாமல், 20இலிருந்து 40க்குப் போக எத்தனை செக்கன் என்று. எங்கள் ஊருக்கு வேண்டிய கணக்கு அதுதான். 948 சீசீ மைனர் 1000இன் முறுக்குவிசை நிமிடத்துக்கு 2500 சுற்றிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். அதனால்தான் அது கியர் குறைக்காமல் முனகிக்கொண்டே இழுக்கும். அதனால்தான் எத்தனையோ பேர் எல் பலகை தொங்கிய மைனரில் கார் பழகினார்கள். 1960களில் இறக்குமதியை இறுக்கி, 1977க்குப் பின் திறந்துவிடும்வரை, இருந்த காரைத்தான் ஓட்டவேண்டி இருந்தது. பிறகு சிலர் டட்சன் எஞ்சின் போட்டார்கள், சிலர் டீசல் எஞ்சினே போட்டார்கள். ஆகவே வீதியில் ஒரு மைனர் உங்களை முந்திப் போனால் பொனெட்டைத் திறந்து பார்க்காமல் 1950இன் கணக்கைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

அன்று கராஜில், ஒயில் விட்டபின் பாஸ் கார்பரேட்டர் மூடியைத் திருகி இறுக்கினார். சோதனை ஓட்டத்துக்கு உவர்மலைப் பக்கம் போனோம். கடிகாரம் கேட்டேன். “மணிக்கூடு வேண்டாம் பிள்ளை, காது காணும்” என்று சொல்லிவிட்டு, ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்தார். விக்கல் இல்லை. ஒரு ஓட்டோ எங்களை முந்திக்கொண்டு போனது. பாஸ் அதைப் பார்க்கவேயில்லை. எஞ்சின் சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

என் தீர்ப்பைக் கேட்டால்: 1959க்கு முந்திய சின்னக் கார்களின் 60 மைல் இலக்கத்தை வைத்துக் காரை எடைபோடுவது வீண். மேல் கியர் இழுவையிலும், கெட்ட எண்ணெயைச் சகிப்பதிலும், தெருவோரக் கராஜில் ஒரு ஸ்பானரால் திருந்துவதிலும் மைனரை வெல்ல இன்றுவரை எங்கள் பக்கம் ஒரு காரும் இறங்கவில்லை. பழைய எஸ்யூ கார்பரேட்டர்க் கார் வைத்திருப்பவர்கள் நாளைக்கே அந்த மூடியைத் திருகிப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உவர்மலை ஏற்றத்தில் உங்களுக்கு முன்னால் ஒரு மைனர் போனால் ஹோர்ன் அடிக்காதீர்கள். அவர் மிதித்துத்தான் இருக்கிறார்.